பூட்டை உடைத்த போத்தனூர்ப் பேரன்

இறுதியாண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல் துறை



எங்க ஊர் பாரூர். எங்க சித்தப்பா ராணுவத்தில் இருக்கிறார். பாட்டி வருஷா வருஷம் அவருக்கு முறுக்கு சுட்டுப் பார்சல் கட்டுவார். பாட்டிக்கு எழுதத் தெரியாது என்பதால் மேலே முகவரி எழுதுவது என் வேலை. பெயர், நம்பர், படைப்பிரிவு, அப்புறம் கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. அவ்வளவுதான். ஊர் பெயர் கிடையாது, மாநிலம் கிடையாது. இது எப்படிப் போய்ச் சேரும் என்று சின்ன வயசில் எனக்கு ஒரே ஆச்சரியம். ஆனால் ஒரு தடவை கூடத் தவறியதில்லை. அனுப்புகிறவருக்கே தெரியாத இடத்துக்குப் பார்சல் போய்ச் சேர்ந்துவிடும். நான் பார்த்த முதல் சங்கேதம் அந்த முகவரிதான்.

இன்றைக்கு ராணுவம் தபாலை மட்டும் நம்பி இல்லை. வயர்லெஸ், செயற்கைக்கோள், கணிப்பொறி வலை என்று எல்லா வழியிலும் செய்தி போகிறது. ஒவ்வொரு செய்தியும் ஒரு கணக்குப் பூட்டுப் போட்டுத்தான் போகும். அந்தப் பூட்டுகளில் சிலவற்றை உடைக்கக்கூடிய குவாண்டம் கணிப்பொறி என்ற புது இயந்திரம் வரப் போகிறது என்று உலக நாடுகள் எல்லாம் இப்போதே பூட்டை மாற்றும் வேலையில் இறங்கிவிட்டன. இன்னும் வராத ஒரு இயந்திரத்துக்கு இத்தனை பயம் எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அது ஒரு மனிதரின் வாழ்க்கையில் கிடைக்கிறது. அவர்தான் ஆலன் டூரிங்.

போத்தனூரில் ஒரு வேர்

ஆலன் டூரிங்கை ஆங்கிலேயர் என்று உலகம் சொல்கிறது. அது உண்மைதான். ஆனால் அவரைப் பெற்ற தாய் ஈதல் சாரா ஸ்டோனி 1881-ல் பிறந்தது நம்ம கோயமுத்தூர் பக்கத்துப் போத்தனூரில்! தாத்தா எட்வர்ட் வாலர் ஸ்டோனி சென்னை ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். துங்கபத்திரை ஆற்றின் குறுக்கே பாலம் கட்டியவர். பங்கா இழுக்கும்போது கிறீச் என்று சத்தம் வராமலிருக்க ஒரு சக்கரம் செய்து அதற்குக் காப்புரிமையும் வாங்கியவர். ஆக, நம்ம ஒர்க்ஷாப் புத்தி பேரனுக்கு அம்மா வழியிலேயே வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

தந்தை ஜூலியஸ் டூரிங் ஐ.சி.எஸ். அதிகாரி. இந்தியாவுக்கு வரும் முன்பே தமிழ் படித்துத் தேர்வு எழுதியவர். 1896 முதல் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தார். மூத்த மகன் ஜான் 1908-ல் குன்னூரில் பிறந்தான். இளையவன் ஆலன் மட்டும் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தான்.

ஆனால் பெற்றோரோடு வளரும் பாக்கியம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. அப்பா அம்மா இருவரும் கடல் தாண்டி சென்னை மாகாணத்தில். அண்ணன் தம்பி இருவரும் இங்கிலாந்தில் ஒரு ஓய்வுபெற்ற கர்னல் வீட்டில். ஊரில் பாட்டியிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பெற்றோரைப் பற்றி நமக்குத் தெரியும். துரைமார் வீட்டிலும் அதே கதைதான் நடந்திருக்கிறது.

சைக்கிளில் பள்ளிக்கு

1926-ல் ஷெர்போர்ன் என்ற பள்ளியில் ஆலனுக்கு இடம் கிடைத்தது. பள்ளி திறக்கும் நாளில் பார்த்து இங்கிலாந்து முழுக்கப் பொது வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. பதிமூன்று வயசுப் பையன் என்ன செய்தான் தெரியுமா? துறைமுகத்திலிருந்து சுமார் 97 கிலோமீட்டர் தனியாகச் சைக்கிள் மிதித்துப் போய்ப் பள்ளியில் சேர்ந்தான். வழியில் ஓர் இரவு மட்டும் தங்கல்.

பள்ளியில் கிறிஸ்டோபர் மார்க்கம் என்ற ஒரு நண்பன் கிடைத்தான். இருவருக்கும் கணக்கு, நட்சத்திரம், வேதியியல் என்று ஒரே பேச்சு. 1930 பிப்ரவரியில் அந்த நண்பன் காசநோயால் இறந்து போனான். ஆலன் உடைந்து போனார். நண்பன் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்து நாம் செய்ய வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்ட உறுதியே பின்னாளில் அவரை இழுத்துச் சென்றது.

காகிதத்தில் ஒரு கணிப்பொறி

1931-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. 22 வயதில் அங்கேயே ஃபெல்லோ. 1936-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை உலகையே மாற்றியது. அதில் இருந்தது என்ன? ஒரு நீண்ட காகித நாடா. அதில் கட்டம் கட்டமாகக் குறிகள். நாடாவைப் படிக்கவும் எழுதவும் அழிக்கவும் ஒரு தலை. செய்ய வேண்டியதைச் சொல்லும் விதிகளின் பட்டியல். இவ்வளவுதான். இந்த எளிய இயந்திரம் எழுதி வைக்கக்கூடிய எந்தக் கணக்கையும் செய்யும் என்று காட்டினார். விதிகளையும் நாடாவிலேயே எழுதிக் கொடுத்தால் ஒரே இயந்திரம் எல்லா வேலையும் பார்க்கும் என்றும் காட்டினார். இன்று நம் லேபில் இருக்கும் கணிப்பொறியும், கையில் இருக்கும் போனும் அந்தக் காகித இயந்திரத்தின் பிள்ளைகள்தான். இயந்திரம் கையில் இல்லாதபோதே அதனால் எது முடியும், எது முடியாது என்று சொன்ன மனிதர் இவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

லேத் பிடித்த கணித மேதை

அடுத்து அமெரிக்காவில் பிரின்ஸ்டன். 1938-ல் டாக்டர் பட்டம். அங்கே அவர் பண்ணிய ஒரு காரியம் நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஜெர்மனியோடு போர் வரும் என்று அவருக்குத் தோன்றியது. போர் வந்தால் சங்கேதம் வேண்டும். செய்தியை ஒரு பெரிய எண்ணாக மாற்றி, இன்னொரு பெரிய ரகசிய எண்ணால் பெருக்கி அனுப்பினால் என்ன? நூறு ஜெர்மானியர்கள் மேசைக் கணக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு தினமும் எட்டு மணி நேரம் உழைத்தாலும் ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க நூறு ஆண்டு ஆகும்படி அதை நீளமாக வைக்க வேண்டும். இதுதான் அவர் போட்ட கணக்கு.

அந்தப் பெருக்கல் இயந்திரத்தைச் செய்ய இயற்பியல் துறை நண்பர் ஒருவரிடம் ஒர்க்ஷாப் சாவியை வாங்கினார். லேத் ஓட்டவும் டிரில்லிங் மெஷின் பிடிக்கவும் கற்றுக்கொண்டார். ரிலேக்களைத் தானே செய்தார், காயிலையும் தானே சுற்றினார். கணித மேதை என்றால் கையில் கிரீஸ் படாதவர் என்று நினைப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள் நண்பர்களே. பூட்டின் பலம் என்பது அதை உடைக்க எத்தனை பேர், எத்தனை காலம், எந்தக் கருவியோடு உழைக்க வேண்டும் என்ற கணக்குதான். கருவி மாறினால் அந்தக் கணக்கும் மாறிவிடும். அப்படி மாற்றிக் காட்டியவரும் பின்னால் அவரேதான்.

எனிக்மா என்னும் பூட்டு

ஜெர்மன் ராணுவத்தின் சங்கேத இயந்திரம் எனிக்மா. பார்ப்பதற்கு டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். 26 சாவிகள், 26 சின்ன விளக்குகள். ஒரு எழுத்தை அழுத்தினால் வேறு ஒரு எழுத்தின் விளக்கு எரியும். உள்ளே மூன்று ரோட்டார்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ரோட்டார் நகரும், அதனால் அதே எழுத்தை மறுபடி அழுத்தினாலும் வேறு விளக்கு எரியும். முன்பக்கம் பிளக் போர்டு. அதில் எந்தெந்த எழுத்தை இணைப்பது என்பது தினம் தினம் மாறும். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் அன்றைய அமைப்பை ஒரே மாதிரி வைத்தால்தான் செய்தி விளங்கும்.

இப்படி எத்தனை அமைப்புகள் சாத்தியம்? 159 எழுதி அதன் பின்னால் 18 சைபர் போட்டால் வரும் எண்ணுக்குச் சற்றேறக்குறைய சமம். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு ஒரு லட்சம் அமைப்பைச் சோதித்தாலும் எல்லாவற்றையும் முடிக்கச் சுமார் 5 கோடி ஆண்டு ஆகும். ஜெர்மானியர்கள் நிம்மதியாகத் தூங்கியதற்குக் காரணம் இந்த எண்தான்.

ஆனால் 1932-லேயே போலந்து நாட்டுக் கணித வல்லுநர் மரியான் ரெயெவ்ஸ்கி இதற்குள் புகுந்துவிட்டார். தன் நாட்டின் மேல் படையெடுப்பு வரப் போகிறது என்று தெரிந்ததும் 1939 ஜூலையில் போலந்து தான் கண்டுபிடித்ததையெல்லாம் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்துவிட்டது. டூரிங்கின் புகழைப் பேசும்போது இந்தப் போலந்துக்காரர்களை மறந்தால் அது பாவம்.

பூட்டை உடைத்த இயந்திரம்

பிரிட்டன் போரில் குதித்த மறுநாள், 1939 செப்டம்பர் 4 அன்று, டூரிங் பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 5 கோடி ஆண்டு வேலையை அவர் எப்படிச் சுருக்கினார்?

எனிக்மாவில் ஒரு குறை இருந்தது. எந்த எழுத்தும் தன்னையே குறியாகத் தராது. ஏ-யை அழுத்தினால் ஏ மட்டும் வரவே வராது. இன்னொரு குறை, மனிதர்களுடையது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வானிலை அறிக்கை அனுப்புவார்கள். அதில் வானிலை என்ற சொல் கட்டாயம் இருக்கும். அந்தச் சொல் சங்கேதத்தில் எந்த இடத்தில் உட்காரும் என்று ஊகித்துவிட்டால், அதற்கு முரண்படும் அமைப்புகளை எல்லாம் கழித்துவிடலாம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிக்காமல், முடியாதவற்றைக் கூட்டம் கூட்டமாகத் தள்ளிவிடுவதுதான் டூரிங்கின் வழி.

அதற்காக அவர் வடிவமைத்த இயந்திரம் பாம்ப். கார்டன் வெல்ச்மன் அதை மேலும் செம்மைப்படுத்தினார். எடை சுமார் ஒரு டன். 36 எனிக்மாக்கள் சேர்ந்து சுழல்வதற்குச் சமம். ரோட்டார்களின் ஒரு வரிசைக்கு 17,576 நிலைகள் உண்டு. அத்தனையையும் சுமார் 20 நிமிடத்தில் அலசிவிடும். முதல் இயந்திரம் 1940 மார்ச்சில் வந்தது. போர் முடிவதற்குள் இருநூறுக்கும் மேல் செய்யப்பட்டன.

இவற்றைச் செய்தவர்கள் லெட்ச்வொர்த் நகரத் தொழிற்சாலையின் ஃபிட்டர்களும் வயரிங் ஆட்களும். இரவு பகலாக ஓட்டியவர்கள் பெரும்பாலும் கடற்படை மகளிர் பிரிவின் இளம் பெண்கள். பிளெட்ச்லி பார்க்கில் வேலை செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஆள் போதவில்லை, டைப்பிஸ்ட் போதவில்லை என்று 1941 அக்டோபரில் டூரிங்கும் மூன்று நண்பர்களும் மேலதிகாரிகளைத் தாண்டி நேரே பிரதமர் சர்ச்சிலுக்கே கடிதம் எழுதிவிட்டார்கள். கேட்டதெல்லாம் உடனே கொடுக்கும்படி சர்ச்சிலின் உத்தரவு பறந்தது.

இந்த வலை நம்ம பக்கம் வரைக்கும் நீண்டிருந்தது. ஜப்பானியரின் வானொலிச் செய்திகளைப் பிடிக்க டெல்லி ஆனந்த் பர்பத்தில் ஒரு மையம் நடந்தது. அதன் ஒரு கிளை பெங்களூரில் இருந்தது. ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்!

பத்து மாத இருட்டு

டூரிங் தனக்கென எடுத்துக்கொண்டது மிகக் கஷ்டமான கடற்படை எனிக்மா. வேறு யாரும் அதைத் தொடாததால்தான் அவருக்கு அது பிடித்தது. அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்துக் கொண்டிருந்தன. 1941-ல் ஜெர்மன் கப்பல்களிலிருந்து கைப்பற்றிய சாவிப் பட்டியல்களும் டூரிங் குழுவின் கணக்கும் சேர்ந்து அந்தப் பூட்டைத் திறந்தன. கப்பல்கள் நீர்மூழ்கி இல்லாத பாதையில் திருப்பிவிடப்பட்டன.

1942 பிப்ரவரி 1 அன்று நீர்மூழ்கிப் பிரிவு தன் எனிக்மாவில் நான்காவது ரோட்டார் ஒன்றைச் சேர்த்தது. ஒரே ஒரு ரோட்டார்தான் அதிகம். பிளெட்ச்லியில் விளக்கு அணைந்த மாதிரி ஆகிவிட்டது. பத்து மாதம் ஒன்றும் படிக்க முடியவில்லை. அந்தப் பத்து மாதமும் கடலில் கப்பல்கள் மூழ்கின, மாலுமிகள் செத்தார்கள். 1942 அக்டோபர் 30 அன்று மத்தியதரைக் கடலில் மூழ்கிக் கொண்டிருந்த யூ-559 என்ற நீர்மூழ்கிக்குள் பிரிட்டிஷ் மாலுமிகள் மூவர் இறங்கிக் குறிப்புப் புத்தகங்களை எடுத்தார்கள். ஃபாசன், கிரேசியர் இருவரும் அதோடு சேர்ந்து மூழ்கிவிட்டார்கள். தப்பி வந்த டாமி பிரவுன் 16 வயசுக் கேன்டீன் பையன். அந்தப் புத்தகங்கள் வந்து சேர்ந்த பிறகு டிசம்பரில் மறுபடி பூட்டு திறந்தது.

ஜெர்மானியர்களுக்குச் சந்தேகமே வரவில்லையா? வந்தது. பல தடவை விசாரணை நடந்தது. ஒவ்வொரு தடவையும் அவர்களுடைய நிபுணர்கள் அந்தப் பெரிய எண்ணைக் காட்டி எனிக்மாவை யாராலும் உடைக்க முடியாது என்று உறுதி சொன்னார்கள். ஒற்றன் இருப்பான், ரேடார் இருக்கும் என்று வேறு எங்கெங்கோ தேடினார்கள். பூட்டு உடைந்தால் சத்தம் கேட்காது நண்பர்களே. உடைத்தவனும் சொல்ல மாட்டான். இதுதான் இந்த வாழ்க்கை வரலாற்றில் நாம் படிக்க வேண்டிய முதல் பாடம்.

விசித்திர மனிதர்

பிளெட்ச்லியில் டூரிங்கைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். மகரந்த ஒவ்வாமைக்காக விஷவாயு முகமூடி மாட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். அந்தச் சைக்கிளின் செயின் குறிப்பிட்ட சுற்றுக்கு ஒருமுறை கழன்றுவிடும். ரிப்பேர் செய்யாமல், மிதிக்கும்போதே எண்ணிக்கொண்டு போய், கழலுவதற்கு முன் சரி செய்வார். தேநீர்க் கோப்பையைச் சங்கிலி போட்டு ரேடியேட்டரில் கட்டி வைப்பார். போரில் பணத்துக்கு மதிப்புப் போய்விடும் என்று வெள்ளிக் கட்டிகள் வாங்கிக் காட்டில் புதைத்தார். இடத்தைச் சங்கேதத்தில் குறித்து வைத்தார். போர் முடிந்து தேடினால் கிடைக்கவே இல்லை! உலகத்தின் பூட்டை உடைத்தவர் தன் பூட்டிடம் தோற்றுப் போனார். ஓட்டத்தில் மட்டும் சளைக்காதவர். 1947-ல் மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் ஓடினார்.

பூட்டு உடைப்பதோடு அவர் நிற்கவில்லை. டொனால்ட் பேலி என்ற இளம் பொறியாளரோடு சேர்ந்து, தொலைபேசிப் பேச்சையே சங்கேதமாக்கும் டெலைலா என்ற சிறிய கருவியைச் செய்தார். சால்டரிங் முதல் சோதனை வரை இருவரும்தான்.

கொத்தனார் மகன்

இன்னொருவரைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. டாமி ஃபிளவர்ஸ். ஒரு கொத்தனாரின் மகன். தொழிற்சாலையில் மெக்கானிக்கல் அப்ரென்டிஸ். இரவு வகுப்பில் படித்து மின்பொறியியல் பட்டம் வாங்கித் தபால் துறையில் பொறியாளர் ஆனவர். அவர் திறமையைக் கண்டு பிளெட்ச்லிக்குப் பரிந்துரைத்தவர் டூரிங். ஹிட்லரின் தலைமையகம் பயன்படுத்தியது எனிக்மாவை விடச் சிக்கலான லாரன்ஸ் சங்கேதம். பில் டட் என்ற இளைஞர் அதன் உள்ளமைப்பைக் காகிதத்திலேயே ஊகித்தார். அதற்கான வேகமான இயந்திரத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வால்வுகளை வைத்துச் செய்கிறேன் என்றார் ஃபிளவர்ஸ். அத்தனை வால்வு நிற்காது என்று பலர் கையை விரித்தார்கள். அணைக்காமல் ஓடவிட்டால் வால்வு நிற்கும் என்பது அவருடைய தொலைபேசி நிலைய அனுபவம். 1944 தொடக்கத்தில் கொலோசஸ் ஓடியது. போருக்குப் பின் உத்தரவுப்படி அதன் வரைபடங்களைத் தன் கையாலேயே அடுப்பில் போட்டார். 1970-கள் வரை உலகத்துக்கு ஒன்றும் தெரியாது.

பட்டப்படிப்புக் காலேஜுக்குப் போகாமல் பாலிடெக்னிக் வந்துவிட்டோமே என்று நம்மில் சிலர் ஏங்குகிறோம். எங்க வீட்டில் இந்த வாசலையே முதலில் மிதித்தவன் நான். ஃபிளவர்ஸின் கதையைப் படித்த அன்று எனக்கு அந்த ஏக்கம் பாதி போய்விட்டது.

நாடு செய்த கைம்மாறு

போருக்குப் பின் டூரிங் ஏஸ் என்ற கணிப்பொறியை வடிவமைத்தார். 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் போனார். 1950-ல் இயந்திரத்தால் சிந்திக்க முடியுமா என்று கேட்டு எழுதினார். இன்று எல்லோரும் பேசும் செயற்கை அறிவுக்கு அது பிள்ளையார் சுழி. 1951-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ.

1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டுப் போனது. அவரே போலீசில் புகார் கொடுத்தார். விசாரணையில், அவர் ஒரு ஆணை நேசித்தவர் என்று தெரிந்தது. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி அது குற்றம். திருட்டுக் கொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் ஏறினார். சிறை அல்லது ஹார்மோன் சிகிச்சை என்று கேட்டபோது சிகிச்சையை ஏற்றார். மாரத்தான் ஓடிய உடம்பு மாறிப் போனது. நாட்டின் ரகசியத்தைக் காத்தவருக்கு ரகசிய வேலை இனி இல்லை என்றார்கள். தான் யார், என்ன செய்தேன் என்று நீதிமன்றத்தில் சொல்லவும் அவரால் முடியவில்லை. அது அரசு ரகசியம்!

1954 ஜூன் 7 அன்று சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்றது விசாரணை. இல்லை, சோதனை செய்யும்போது நடந்த விபத்து என்று தாயார் கடைசி வரை நம்பினார். போத்தனூரில் பிறந்த அந்தத் தாய் மகனைப் பற்றி எழுதிய புத்தகம் 1959-ல் வந்தது. மகன் போரில் செய்ததை முழுதாகச் சொல்ல அவரால் அப்போது முடியவில்லை.

2009-ல் பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கேட்டது. 2013-ல் அரசியின் மன்னிப்பு வந்தது. 2021-ல் 50 பவுண்டு நோட்டில் அவர் படம் வந்தது. அதே ஆட்சியாளர்கள் நமக்கும் விட்டுச் சென்ற அதே மாதிரிச் சட்டம், மனம் ஒத்த வயது வந்தோருக்குப் பொருந்தாது என்று 2018 செப்டம்பர் 6-ல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த விருது டூரிங் பெயரில் 1966 முதல் வழங்கப்படுகிறது. 1994-ல் அதை வாங்கியவர்களில் ஒருவர் நம்ம கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ராஜ் ரெட்டி.

அவர் விட்டுச் சென்ற கணக்கு

சரி, குவாண்டம் கணிப்பொறிக்கு வருவோம். இன்றைய பூட்டுகளில் புகழ் பெற்றது 1977-ல் வந்த ஆர்.எஸ்.ஏ. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். பெருக்கி வந்த எண்ணை வைத்துக்கொண்டு அந்த இரண்டையும் கண்டுபிடிப்பது மகா கஷ்டம். பயன்பாட்டில் உள்ள எண்கள் 617 இலக்கம் கொண்டவை. 2020-ல் பல கணிப்பொறிகள் சேர்ந்து உடைத்த எண்ணுக்கு 250 இலக்கம்தான். பிரின்ஸ்டன் ஒர்க்ஷாப்பில் டூரிங் நினைத்த, நூறு பேர் நூறு ஆண்டு உழைக்கும் அதே வழிதான் இதுவும்.

1985-ல் டேவிட் டாய்ச் என்பவர் டூரிங்கின் காகித இயந்திரத்தைக் குவாண்டம் விதிப்படி மாற்றி எழுதினார். 1994-ல் பீட்டர் ஷோர், அப்படி ஒரு இயந்திரம் வந்தால் ஆர்.எஸ்.ஏ. பூட்டு வேகமாகத் திறந்துவிடும் என்று காட்டினார். இயந்திரம் வரும் முன்பே அதனால் என்ன முடியும் என்று சொல்வது டூரிங் போட்ட பாதை. அவ்வளவு பெரிய குவாண்டம் கணிப்பொறி இன்னும் இல்லை. ஆனால் 2019-ல் வந்த ஒரு கணக்கு இதற்கு 2 கோடி க்யூபிட் வேண்டும் என்றது. 2025 மே மாதம் அதே ஆய்வாளர் 10 லட்சத்துக்கும் குறைவாகவே போதும் என்று திருத்தினார். எண் இறங்கிக்கொண்டே வருகிறது.

வந்த பிறகு மாற்றினால் போதாதா? போதாது. காற்றில் போகும் செய்தியை இன்று பிடித்து வைத்துக்கொண்டு, இயந்திரம் வந்த பிறகு திறக்கலாம். சோவியத் தூதரகங்களின் பழைய தந்திகளை அடுக்கி வைத்து 1943 முதல் 1980 வரை அமெரிக்கா படித்துக்கொண்டே இருந்தது. வெனோனா என்று அதற்குப் பெயர். ராணுவக் கருவிகளோ இருபது முப்பது ஆண்டு ஓடுபவை. இன்று பொருத்தும் வயர்லெஸ் செட் அந்த இயந்திரத்தின் காலத்திலும் களத்தில் இருக்கும்.

அதனால் என்ன செய்கிறார்கள்? அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் ஒரே சாவி இருக்கும் ஏ.இ.எஸ். போன்ற பூட்டுகளுக்கு நீளமான சாவி போட்டாலே போதும் என்பது இன்றைய கணிப்பு. அந்தச் சாவியைப் பரிமாறும் முறையும் டிஜிட்டல் கையெழுத்தும்தான் மாற வேண்டியவை. 2024 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்கத் தர நிறுவனம் மூன்று புதுப் பூட்டுகளை அறிவித்தது. பல நூறு பரிமாணக் கட்டங்களில் மிக அருகிலுள்ள புள்ளியைத் தேடும் கணக்கின் மேல் நிற்பவை அவற்றில் இரண்டு.

நம் நாடும் சும்மா இல்லை. 2021-ல் அம்பேத்கர் பிறந்த மாவ் நகரில், ராணுவத் தொலைத்தொடர்புக் கல்லூரியில் குவாண்டம் ஆய்வகம் தொடங்கியது. 2022 பிப்ரவரியில் டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் பிரயாக்ராஜிலிருந்து விந்தியாசல் வரை 100 கிலோமீட்டருக்கும் மேல், ஏற்கெனவே இருந்த கண்ணாடி இழைக் கேபிளில் ஒளித்துகள் வழியே சாவி அனுப்பிக் காட்டின. நடுவில் யாராவது எட்டிப் பார்த்தால் ஒளித்துகள் கலைந்து காட்டிக் கொடுத்துவிடும். 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் குவாண்டம் தகவல் தொடர்புக்குத் தலைமை மையம் சென்னை ஐ.ஐ.டி. தரமணியில் உள்ள செட்ஸ் நிறுவனம் புதுக் கணக்குப் பூட்டுகளை ஆராய்கிறது.

முடிவுரை

இதில் டிப்ளமோ படித்த நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. எந்தக் கருவியில் எந்தப் பூட்டு இருக்கிறது என்று முதலில் பட்டியல் எடுக்க வேண்டும். பழைய போர்டில் புதுப் பூட்டின் பெரிய சாவிக்கு மெமரி போதுமா என்று பார்க்க வேண்டும். நாளைக்கு மறுபடி மாற்ற வேண்டி வந்தால் செட்டையே தூக்கி எறியாமல் மாற்றும்படி வடிவமைக்க வேண்டும். சோதித்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து செய்யும் வேலை. ஃபிளவர்ஸ் செய்த வேலை, நம் வேலை.

எங்க பாரூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் வருகிறது. கரையில் எலி வளை இருக்கிறதா, மதகு சரியாக இறங்குகிறதா என்று பெரியவர்கள் ஏரி காய்ந்து கிடக்கும்போதே பார்த்துவிடுவார்கள். தண்ணீர் வந்த பிறகு பார்த்தால் கரை உடைவதைத்தான் பார்க்க முடியும். ஜெர்மன் நிபுணர்கள் கரையைப் பார்க்காமல் பெரிய எண்ணைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தப் பொங்கலுக்கும் பாட்டி பார்சல் கட்டுவார், நான் அந்த முகவரியை எழுதுவேன். சித்தப்பா இருக்கும் இடம் எனக்குத் தெரியாது. தெரியக் கூடாதவர்களுக்கும் தெரியாமல் இருக்க வேண்டும், இன்றைக்கு மட்டுமல்ல, இருபது வருஷம் கழித்தும். அதற்கான பூட்டைச் செய்யும் கைகளில் நம் கையும் ஒன்றாக இருக்கட்டும் நண்பர்களே!